யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம்?

நான்காம் வகுப்புக் கணக்கில் சுற்றளவும் பரப்பளவும் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வருகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைவார். பக்கங்களில் எண்களை எழுதுவார். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு, ஒன்றை மற்றொன்றால் பெருக்கினால் பரப்பளவு என்பார். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் அதே மாதிரிப் பத்துக் கணக்கு போடுவார்கள். எண்கள் மாறும், செய்ய வேண்டியது மாறாது. மணி அடிக்கும்போது பலருடைய நோட்டில் பத்துக்குப் பத்தும் சரியாக இருக்கும். சில மாதம் கழித்து, இந்த நிலத்தைச் சுற்றி வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்று கேட்டால், அதே பிள்ளைகளில் பலர் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மீத்திறன் உள்ளவர்கள் என்று பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் வகுப்பில் இதே பாடம் வேறு விதமாகத் தொடங்கும். ‘உங்களிடம் 24 மீட்டர் கயிறு இருக்கிறது. அதை வைத்து ஒரு காய்கறித் தோட்டத்துக்குச் செவ்வகமாக எல்லை கட்ட வேண்டும். எப்படிக் கட்டினால் அதிக இடம் கிடைக்கும்?’ கேள்வி அவ்வளவுதான். சூத்திரம் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் கட்டத்தாளில் வரைந்து பார்க்கிறார்கள். 11-க்கு 1 என்று கட்டினால் 11 சதுர மீட்டர். 10-க்கு 2 என்றால் 20. 9-க்கு 3 என்றால் 27. பிறகு 32, 35, கடைசியில் 6-க்கு 6 என்று 36. ஒரே கயிறு. அது வளைத்துப் பிடிக்கும் இடமோ 11 முதல் 36 வரை மாறுகிறது. சுற்றளவும் பரப்பளவும் இரண்டு வேறு சங்கதிகள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தாளிலேயே தெரிகிறது. அப்போது ஒரு பெண் கேட்கிறாள்: ‘தோட்டத்துக்கு ஒரு பக்கம் வீட்டுச் சுவர் இருந்தால்?’

வகுப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சுவர் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வதால் கயிறு மூன்று பக்கத்துக்குப் போதும். சதுரமாகக் கட்டினால் 8-க்கு 8, அதாவது 64. ஆனால் சுவரை ஒட்டி 12, இரு பக்கமும் 6, 6 என்று கட்டினால் 72. இதற்கு முன் சதுரம்தானே ஜெயித்தது, இப்போது ஏன் தோற்றது? சுவரை ஒரு கண்ணாடியாக நினைத்துக்கொள் என்கிறான் ஒருவன். தோட்டமும் கண்ணாடிக்குள் தெரியும் அதன் நிழலும் சேர்ந்தால் 12-க்கு 12. சதுரம் தோற்கவில்லை, பாதிதான் நம் பக்கம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் அழகை அந்தப் பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டெடுத்துவிட்டார்கள். ஆசிரியர் செய்ததெல்லாம் கேட்டதும், வாயை மூடிக்கொண்டு நின்றதும்.

இரண்டு பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பாடத்துக்கு எந்த இடத்தில் மீத்திறன் தேவைப்பட்டது? கூட்டல் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் கட்டங்களை எண்ணிக்கொள்ளலாம். கயிறு இல்லையென்றால் 24 தீக்குச்சி போதும். மெதுவாகப் படிக்கிற பிள்ளையும் குச்சிகளை நகர்த்தி 20-ஐயும் 27-ஐயும் காணும். சுவரைப் பற்றிய கேள்வி முதல் பெஞ்சிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. சுவரை ஒட்டிப் பந்தல் போட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது முதலில் தோன்றலாம். அப்படியானால் இந்தப் பாடத்தை ஏன் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம்?

மீத்திறன் கல்வியை எதிர்ப்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஹாரி பாசோவே, மீத்திறன் வகுப்புக்கென்று ஒதுக்கப்படும் எதையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் இதில் சேர விரும்புவார்களா? எல்லாராலும் இது முடியுமா? எல்லாரும் இதில் வெற்றி பெற வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? பதில் ஆம் என்று வந்தால், சிலருக்கென்று அதை ஒதுக்கி வைப்பதற்கு நியாயம் இல்லை. 24 மீட்டர் கயிற்றை இந்த உரைகல்லில் தேய்த்தால் மூன்றுக்கும் ஆம் என்றுதான் வருகிறது. மீத்திறன் வகுப்புகளின் பெருமை என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் அப்படித்தான் வரும்: திறந்த கேள்வி, விவாதம், தானே ஒன்றைத் தேர்ந்து ஆராய்வது, தவறான பதிலையும் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது.

இந்தப் பிரிவினையை மிக ஒழுங்காக நடத்திய நாடு என்று சிங்கப்பூரைச் சொல்லலாம். 1984-இல் அங்கே மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டில் இரண்டு சுற்றாகத் தேர்வு. நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பிள்ளை தேறும். தேறியவர்கள் ஒன்பது பள்ளிகளில் ஒன்றில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை தனி வகுப்பில் படித்தார்கள். வழக்கமான வகுப்பில் 40 பேர் வரை இருக்க, இங்கே 25 பேர். தானே ஒரு பொருளைத் தேர்ந்து ஆராய்ந்து எழுதும் தனியாய்வு உண்டு. ஆசிரியர்களும் இதற்கென்று தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. சேர வேண்டிய ஊர் ஒன்றுதான். போகிற வழியில் யாருக்கு நின்று பார்க்க அனுமதி, யாருக்கு ஓடிக்கொண்டே இருக்கும் கட்டளை என்பதில்தான் வேறுபாடு.

நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு டியூஷனும் வந்துவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார்செய்யும் நிலையங்கள் அங்கே பெருகின. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தப் படபடப்பு புதிதல்ல. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், இந்தத் திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன்னிடம் உள்ள திறன்மிக்க பிள்ளைகளைத் தானே வளர்க்க வேண்டும், பிள்ளைகள் தங்கள் பள்ளியையும் நண்பர்களையும் விட்டுப் போக வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு நடத்திய ஒன்றை எடுத்து மாற்றுவதற்கு ஒரு நாட்டுக்குத் துணிவு வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஒரே பள்ளியில் இருப்பதனால் மட்டும் கயிறும் சுவரும் எல்லாருடைய மேசைக்கும் வந்துவிடாது. ஒரே அறைக்குள்ளேயும் இரண்டு வகுப்புகள் நடக்கலாம். நடக்கின்றன.

இதை அளந்து காட்டியவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர். தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, ஓர் எளிய காரியத்தைச் செய்தார்: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், வேறு பிள்ளையிடம் போவார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுவார். இந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக்கச் சொல்லி ஆசிரியர்களைப் பழக்கியபோது வகுப்பே மாறியது. பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன. பிள்ளைகள் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டுப் பேசினார்கள், தாங்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அதுவரை வாய் திறக்காத சில பிள்ளைகள் பேசினார்கள். அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் வைத்திருந்த எண்ணமும் மாறியது. 1974-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகின்றன.

அந்த ஆய்வில் என்னை உறங்கவிடாத பகுதி இன்னொன்று. தங்கள் வகுப்பில் கெட்டிக்காரர்கள் ஐந்து பேர், பின்தங்கியவர்கள் ஐந்து பேர் என்று ஆசிரியர்களையே சொல்லச் சொல்லி, அந்த இரு கூட்டத்துக்கும் கிடைத்த நேரத்தைப் பிரித்துப் பார்த்தார் ரோ. கெட்டிக்காரர்களுக்கு ஆசிரியர் ஏறத்தாழ இரண்டு விநாடி காத்திருந்தார். பின்தங்கியவர்களுக்கு ஒரு விநாடிகூட இல்லை. யோசிக்க அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைக்கு அதில் பாதி நேரம்தான் கிடைத்தது. இந்த ஆசிரியர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளை கூனிக் குறுகுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பாவம் என்று இரக்கத்தால்கூட அவர்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அந்த இரக்கத்திலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: என்னிடமிருந்து ஒன்றும் வராது என்று டீச்சருக்குத் தெரியும்.

எதிர்பார்ப்பு பிள்ளையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதைச் சோதித்த இன்னொரு ஆய்வும் புகழ் பெற்றது. ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியதுபோல் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தேர்ந்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் கூடியது. 1968-இல் நூலாக வந்த இந்த முடிவுகளைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. எதிர்பார்ப்பின் விளைவு அவர்கள் சொன்ன அளவு பெரிதல்ல என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். இதில் நான் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதைவிட அழுத்தமான சான்று புளோரிடாவிலிருந்து வருகிறது.

அங்கே ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ மீத்திறன் பிள்ளை ஒருவர் இருந்தாலும் அவருக்கென்று தனி வகுப்பு திறக்க வேண்டும். மீதி இடங்களை, மீத்திறன் தேர்வில் தேறாத, ஆனால் முந்தைய ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். (கார்டு பின்னால், 2021-இல், நோபல் பரிசு பெற்றார்.) மீத்திறன் முத்திரையோடு வந்தவர்களில் அதிக நுண்ணறிவு ஈவு உள்ளவர்களுக்கு மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை. காலி இடத்தை நிரப்ப வந்த பிள்ளைகளில், கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகள் கணிதத்திலும் வாசிப்பிலும் வெகுவாக முன்னேறினார்கள். வெளியே நின்றவர்களின் மதிப்பெண் குறையவும் இல்லை. அதே மாவட்டத்தில் 2005-இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பெற்றோரோ ஆசிரியரோ சொன்னால்தான் ஒரு பிள்ளை சோதிக்கப்படும். அந்த ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்தும் கறுப்பின, ஹிஸ்பானிக் குடும்பங்களிலிருந்தும் திடீரென்று பல மீத்திறன் பிள்ளைகள் ‘கிடைத்தார்கள்’. அவர்கள் அதற்கு முன்பும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மீத்திறன் என்பதே பொய் என்று முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. வேகமாகக் கற்கும் பிள்ளை உண்மையிலேயே உண்டு. அந்தப் பிள்ளையின் துன்பமும் உண்மை. பத்துக் கணக்கையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிரும் குழந்தைக்கு நம் வகுப்பறைகள் தருவது என்ன? இன்னும் பத்துக் கணக்கு. அல்லது, ‘முடிச்சிட்டியா? சத்தம் போடாம உக்காரு.’ அல்லது, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தெரிந்த ஒன்றை ஆண்டு முழுதும் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு குழந்தைக்குச் சிறிய தண்டனை அல்ல. சில பிள்ளைகள் குறும்பு செய்யத் தொடங்குகிறார்கள், சிலர் மெல்ல மெல்ல எதிலும் ஆர்வம் இல்லாதவர்களாக ஆகிறார்கள். 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி கணிதத்தில் முந்தி நின்ற சிறார்களைக் கண்டறிந்து அவர்களை மேல்நிலைப் பாடங்களுக்கு நேராக அனுப்பினார். ஒன்றரை ஆண்டுப் பாடத்தைச் சில மாதங்களில் முடிக்கக்கூடிய பிள்ளையை ஒன்றரை ஆண்டு உட்கார வைப்பதில் என்ன சமத்துவம் இருக்கிறது?

ஆகவே மீத்திறன் வகுப்பில் இரண்டு வேறு பொருள்கள் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று வேகம். மற்றொன்று ஆழம். வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஒரே பிள்ளைக்கும் பாடத்துக்குப் பாடம் மாறும். கணக்கில் பறக்கும் பையன் எழுத்தில் தடுமாறலாம். வேகத்தைப் பொறுத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேறு பாடம் கொடுப்பது நியாயம், தேவையும்கூட. ஆழம் அப்படியில்லை. ‘ஏன்’ என்று கேட்பது, யோசிக்க நேரம் பெறுவது, தவறிப்போய்த் திரும்பி வருவது, தான் கண்டதைப் பெரியவர் ஒருவர் அக்கறையோடு கேட்பது: இவை கற்றல் என்ற செயலே நடப்பதற்கு வேண்டியவை. மெதுவாகப் போகும் பிள்ளைக்கு இவை கூடுதலாகத் தேவை. நாமோ வேகத்தைச் சோதித்து, அதில் தேறியவர்களுக்கு ஆழத்தைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வேகத்தைச் சோதித்து எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை நடத்தி, 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்து பல பத்தாண்டு பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள், நல்ல வேலைகளில் இருந்தார்கள். ஆனால் அவருடைய சல்லடையில் தங்காமல் போனவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. இருவரும் பின்னால் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

வேகத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக விட்டுக்கொடுப்பது பணக்கார நாடுகளுக்குத்தான் கைகூடும் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளை நினைவுபடுத்துவேன். கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கர்நாடகத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளியிலும், பிறகு ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளிலும் வளர்ந்த முறை ஒன்று 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்து, 2007 வாக்கில் மாநிலம் முழுதும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பரவியது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் ஏணிப்படி தொங்கியது. பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தது. பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே இறங்கி வந்த கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. வாரக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து தொடரலாம். மீத்திறன் கல்வியின் சலுகை என்று உலகம் நினைத்த ஒன்றை, கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு, ஒரு மாநிலம் முழுவதற்கும், கொடுத்துப் பார்த்தோம். அந்த முயற்சியின் பெருமையை நாம் போதிய அளவு பேசவே இல்லை என்பது என் எண்ணம்.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. பல பள்ளிகளில் அட்டை பிள்ளையை நடத்தியது, ஆசிரியர் படிகளைக் குறித்துக்கொண்டிருந்தார். வேகம் பிள்ளையின் கைக்கு வந்தது. ஆழம் வரவில்லை. ஏனென்றால் ஆழத்தை அட்டையில் அச்சடிக்க முடியாது. ‘சுவர் இருந்தால்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, அந்தக் கேள்வியின் மதிப்பு தெரிந்த ஒரு மனிதர் அங்கே நிற்க வேண்டும்.

எல்லாம் கடைசியில் அந்த மனிதரிடம் வந்து நிற்கிறது. சிங்கப்பூரின் மீத்திறன் வகுப்பில் ஆசிரியருக்கு 25 பிள்ளைகளும் தனிப் பயிற்சியும் பாடத்தை விட்டு விலகிப்போகும் உரிமையும் இருந்தன. வழக்கமான வகுப்பின் ஆசிரியருக்கு 40 பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன், நிரப்ப வேண்டிய பதிவேடுகள், யாரோ வந்து கேட்கப்போகும் மதிப்பெண் பட்டியல். பயிற்சி முகாமுக்குப் போனாலும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுக்கிறார். அங்கே அவரிடம் கேட்கப்படும் கேள்விக்கும் ஒரு விநாடிதான் காத்திருப்பு, பதில் ஏற்கெனவே திரையில் இருக்கிறது. தன்னுடைய யோசனைக்கு யாரும் காத்திருந்து பார்த்திராத ஒருவரைப் பிள்ளையின் யோசனைக்குக் காத்திரு என்கிறோம். அவர் அவசரப்படுவது அவருடைய குணம் அல்ல. அவரும் நாற்பது பேர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்.

ஆகவே மீத்திறன் வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வகுப்பின் ஆசிரியருக்குக் கொடுத்ததை மற்ற ஆசிரியருக்கும் கொடுக்கப் போகிறோமா என்பது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பாடத்திட்டத்தில் சிலவற்றை வெட்ட வேண்டும், அதற்கு மனம் வேண்டும். ஆசிரியர்களைக் கயிறும் கட்டத்தாளுமாக உட்கார வைத்து, அவர்களே 72-ஐக் கண்டுபிடிக்கும் வரை பேசாமல் இருக்கத் தெரிந்த பயிற்றுநர்கள் வேண்டும். சிங்கப்பூர் இதைச் செய்யப்போகும் விதத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கு ஆள் கிடைத்தால், தேர்வில் தேறிய ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைத்துவந்தது மீதித் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கும் கிடைக்கும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்ததும் போய்விடும்.